எழுதுளைப் பெட்டி: மூலமும் உரையும்

வீட்டுக் கம்ப்யூட்டர் மேசைக்கு எந்த யுஎஸ்பி ஹப் வாங்கலாம் என்று கேட்பவருக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். சொன்னால் அது பதில், ஆய்வாகாது. ஆய்வாக வேண்டுமென்றால் அந்த வரியை நாற்பதாம் பக்கத்தில் ஒளித்துவைத்துவிட்டு, முன்னால் முப்பத்தொன்பது பக்கம் வேறு எதையாவது பேச வேண்டும். இந்த நெறியை எனக்குக் கற்றுத் தந்தவை காசு கொடுத்து நான் வாங்கிய சில ஆய்வு நூல்கள். அவற்றில் நெறியாளருக்கு நன்றி, நெறியாளரின் துணைவியார் தந்த காபிக்கு நன்றி, தட்டச்சு செய்து தந்த தங்கைக்கு நன்றி என்று நாலு பக்கம் போகும். எனக்கு நெறியாளர் இல்லை, காபி நானே போட்டுக்கொண்டேன். எனவே நன்றியுரை இங்கேயே முடிகிறது. இக்குறையைப் பெரியோர் பொறுத்தருள்க.

ஆய்வுக்களம்: சென்னைப் புறநகர் வீடொன்றில் ஒரு மர மேசை, அதற்கு அடியில் ஒரு டெஸ்க்டாப். ஆய்வுச் சிக்கல்: பென்டிரைவ் செருக ஒவ்வொரு தடவையும் ஆய்வாளர் மேசைக்கு அடியில் தவழ்ந்து போவதும், வெளியே வரும்போது இடித்துக்கொள்வதும். கருதுகோள்: மேசைமேல் ஒரு ஹப் இருந்தால் இடி குறையும். ஆய்வு எல்லை: ஆய்வாளரின் தலை.

இயல் 1: சொல்லாராய்ச்சி

வண்டிச் சக்கரத்தின் நடுவே ஆரக்கால்கள் வந்து சேரும் குடத்துக்கு ஆங்கிலத்தில் ஹப் என்று பெயர். இதோடு விட்டால் இயல் ஒரு வரியில் முடிந்துவிடும்; யாரும் மதிக்க மாட்டார்கள். ஆகவே மாற்றுக் கருத்து ஒன்று தேவைப்படுகிறது. மரத்தின் கிளைக்குக் கப்பு என்று பெயர். 'கப்பும் கிளையுமாக' என்று இன்றும் சொல்கிறோம். கப்பு கடல் தாண்டும்போது முதல் ககரம் காற்றுப்பட்டு ஹகரமாயிற்று. ஈற்று உகரம் உப்புக்காற்றில் உதிர்ந்தது. எஞ்சியது ஹப். ஒரே துளை பல துளையாகக் கிளைக்கும் பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டோ? இதை மறுப்பவர்கள் மொழிப்பற்று இல்லாதவர்கள் என்று இப்போதே குறித்துவைக்கிறேன். இதைவிட மெலிந்த சான்றுடன் பன்னாட்டுக் கருத்தரங்கில் பொன்னாடை போர்த்திக்கொண்ட சொற்கள் உண்டு.

தமிழ்ப் பெயர் வேண்டுமல்லவா? ஏழு துளை உடைய பெட்டி எழுதுளைப் பெட்டி. ஏழு என்பது புணர்ச்சியில் எழு எனக் குறுகும், எழுகடல் என்பதுபோல. இதை எழுது + உளை என்று பிரிப்பாரும் உளர். அதாவது, எழுது, பிறகு மன உளைச்சல் அடை. அதுவும் பொருந்தியே வருவதால் இருவகைப் பிரிப்பும் கொள்ளப்படும்.

இயல் 2: காலம்

யுஎஸ்பியின் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வெளிவந்தது. அதன் பிதாமகர்களில் ஒருவர் என்று சொல்லப்படும் அஜய் பட், பரோடாவில் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா போய் இன்டெல்லில் வேலை பார்த்தவர். 1998 ஏப்ரலில் சிகாகோவில் பில் கேட்ஸ் மேடையில் நிற்க, உடனிருந்தவர் விண்டோஸ் 98 ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கேனரின் யுஎஸ்பி வயரைச் செருகினார். திரை நீலமாகி நின்றுவிட்டது. அவையடக்கம் என்பது இத்துறையில் அன்றே தொடங்கிவிட்டது.

பிறகு 2000இல் 2.0, 2008இல் 3.0. இதுவரை சிக்கலில்லை. 2013இல் 3.1 வந்தபோது பழைய 3.0க்கு '3.1 ஜென் 1' என்று பெயர் மாற்றினார்கள். 2017இல் 3.2 வந்தது, அதே பழைய ஆசாமி '3.2 ஜென் 1' ஆனார். வேகம் அன்றும் இன்றும் நொடிக்கு 5 கிகாபிட்தான். சங்க காலத்திலிருந்து நெடுங்காலம் பல பேர் ஒரே பெயரில் பாடியதால் ஔவையார் எத்தனை பேர் என்று நம்மவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே ஒரே ஔவையார் மூன்று பெயரில் பாடியிருக்கிறார். கடையில் '3.0 பழசு சார், 3.2 எடுத்துக்கோங்க' என்றால் ஜென் எத்தனை என்று கேளுங்கள். ஒன்று என்றால் அது பழைய பாட்டிதான், புதுச் சேலை.

இயல் 3: வகை

அலுமினிய உடல், பிளாஸ்டிக் உடல்: தூசி இரண்டிலும் ஒன்றுபோலத்தான் படிகிறது.

நீலத் துளை, கறுப்புத் துளை: நீலம் 3.0 என்பது மரபு, சட்டமல்ல. நீலச் சாயம் மலிவு.

துளைக்கு ஒரு சுவிட்ச் உள்ளவை: வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் வேண்டாம்.

செருகும்போது முதல் தடவை போகாமல், திருப்பினால் போகாமல், மறுபடி திருப்பினால் போவது பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

இனி, முதன்மையான பிரிவு. இரவல் மின் வகை, சொந்த மின் வகை என ஹப் இரு திணை. இரவல் வகைக்கு அடாப்டர் கிடையாது. கம்ப்யூட்டர் தன் துளைவழியே தருகிற மின்சாரத்தையே தானும் தின்று, தன்னை நம்பி வந்தவர்களுக்கும் பங்கு வைக்கும். 2.0 துளை ஒன்று தர வேண்டியது 5 வோல்ட்டில் 500 மில்லியாம்பியர். இரவல் ஹப் அதில் தனக்கென நூறு எடுத்துக்கொண்டு, நாலு துளைக்கு நூறு நூறாகப் பிரிக்கலாம் என்பது விதிநூல் கணக்கு. கீபோர்டுக்கும் மவுசுக்கும் அது போதும். நான் அதில் என் இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க்கைச் செருகினேன். தட்டு சுழல ஆரம்பிக்கிற நொடியில்தான் ஹார்ட் டிஸ்க்குக்கு அதிகப் பசி. அது 'டிக்' என்றது. ஓய்ந்தது. மறுபடி 'டிக்'. அரைமணி நேரம் அதை ரசித்துவிட்டு, இது கடிகாரம் அல்ல என்ற முடிவுக்கு வந்தேன்.

சொந்த மின் வகைக்குள் ஓர் உட்பிரிவு உண்டு. கூட்டுக்குடும்பம், தனிக்குடித்தனம். எங்கேனும் ஒரு துளையில் ஷார்ட் ஆனால் எல்லாத் துளையும் சேர்ந்து படுத்துக்கொள்வது கூட்டுக்குடும்பம். அந்தத் துளையை மட்டும் விலக்கிவிட்டு மற்றவர்கள் சாப்பாட்டைத் தொடர்வது தனிக்குடித்தனம். இரண்டுக்கும் விதிநூலில் இடம் உண்டு. விலை குறைந்தவை பெரும்பாலும் கூட்டுக்குடும்பமே. எது எதுவென்று அட்டையில் அச்சிடும் வழக்கம் அநேகமாக இல்லை. குடும்ப விஷயம் என்பதாலோ என்னவோ.

இயல் 4: ஏழு என்னும் எண்

இந்த இயலுக்காகத்தான் மற்ற இயல்கள் எழுதப்பட்டன.

கடைக்குப் போனால் நாலு துளை கிடைக்கும், ஏழு துளை கிடைக்கும், பத்துத் துளையும் கிடைக்கும். ஐந்தும் ஆறும் எட்டும் அவ்வளவு எளிதில் கண்ணில் படுவதில்லை. ஏன் ஏழு? ரிச்சி தெருவில் ஒரு கடையில் கேட்டேன். 'அது அப்டித்தான் சார் வரும்' என்றார் தம்பி (கடைத்தம்பி, வாய்மொழி). இவ்விடையின் சுருக்கமும் செறிவும் சூத்திரத்துக்கு உரியவை. உரை இல்லாமல் விளங்காது. உரைகளோ நான்கு.

முதல் பள்ளி இசைப் பள்ளி. ஸ்வரம் ஏழு, ஆகவே துளை ஏழு, பெட்டி நீளவாக்கில் இருப்பதால் அது குழலின் திரிபு. இந்தப் பள்ளியை எங்கள் தெரு வித்வான் ஒரு வார்த்தையில் மூடிவிட்டார். கர்நாடக சங்கீதக் குழலில் விரல் வைக்கும் துளை எட்டு.

இரண்டாம் பள்ளி நாட்டார் வழக்காற்றுப் பள்ளி. ஊர் எல்லையில் சப்தகன்னியர் ஏழு கல்லாக வரிசையில் இருப்பார்கள், ஹப்பும் மேசையின் எல்லையில்தான் வைக்கப்படுகிறது, இரவில் விளக்கு எரிகிறது, வெள்ளிக்கிழமை துடைக்கிறோம். தொன்மம், மீட்டுருவாக்கம், விளிம்பு ஆகிய மூன்று சொற்களை ஒரே பத்தியில் போட வாய்ப்புத் தருவதால் இப்பள்ளிக்கு மாணவர் சேர்க்கை அதிகம்.

மூன்றாம் பள்ளி வரலாற்றுப் பள்ளி. இதன் சான்று வலுவானது. யுஎஸ்பியைக் கூடி உருவாக்கிய நிறுவனங்கள் ஏழு: காம்பேக், டிஇசி, ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்இசி, நார்டெல். ஆகவே இவர்களே கடையெழு வள்ளல்கள். கடையில் விற்பதால் கடை, எண்ணால் எழு, 500 மில்லியாம்பியர் ஈந்ததால் வள்ளல். முல்லைக்குத் தேர் கொடுத்தவனோடு ஒப்பிட்டால் ஈகை கொஞ்சம் குறைவுதான். அந்தப் பழைய எழுவரைப் போலவே இவர்களிலும் சிலர் இன்று இல்லை; டிஇசியைக் காம்பேக் வாங்கியது, காம்பேக்கை எச்பி வாங்கியது, நார்டெல் 2009இல் திவாலானது.

நான்காம் பள்ளி சோதிடப் பள்ளி. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளரின் கொள்கை இது. அவர் பெயரைச் சொல்லாமல் உரைமரபுப்படி மாடியுரைகாரர் என்று குறிப்பேன். என் ஹப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், 'தம்பி, எண்ணிப் பாத்தீங்களா? ஏழு இல்ல' என்றார் (மாடியுரை, 4ஆம் படி, இறங்கும்போது). உண்மைதான். ஏழு துளைக்கு அப்பால் ஓரமாக ஒன்று. மின்னல் குறி போட்டது. அதில் போனுக்குச் சார்ஜ் மட்டும் ஏறும், தகவல் போகாது. கண் உண்டு, பார்வை இல்லை. அதை முழுத் துளை என்று எப்படிக் கணக்கிடுவது? 'அரைன்னு வெச்சுக்கோங்க. ஏழும் அரையும் என்ன?' என்று கேட்டுவிட்டு அவர் மேலே போய்விட்டார் (மாடியுரை, மொட்டைமாடிக் காண்டம், வடாம் படலம், இரண்டாம் வேட்டி, காக்கை விரட்டியபின் சேர்க்கப்பட்ட பகுதி, இடைச்செருகல் என்பாரும் உளர்).

ஏழரை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹப் வாங்கிய நாளிலிருந்து நடந்தவை வரிசையாக நினைவுக்கு வந்தன. வயர் இல்லாத மவுசின் அம்பு திரையில் நொண்டியது. கம்ப்யூட்டரின் மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் அதன் பெட்டியில் விளக்கு மங்கலாக எரிந்தது. கரண்ட் போன ஒரு மதியம் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்க, ஹார்ட் டிஸ்க் மட்டும் மறைந்தது. நகலாகிக்கொண்டிருந்த கல்யாண வீடியோ பாதியில் நின்றது. தாலி கட்டுவதற்கு முந்தைய நொடியில். மணமக்களுக்கு இன்னும் சொல்லவில்லை.

காலையில் என் மகள், 'அப்பா, ஸ்க்ரூடிரைவர் குடுங்க' என்றாள். திறந்தாள். உள்ளே ஒரே மாதிரி இரண்டு சிப் இருந்தன. ஒவ்வொன்றும் நாலு துளைக்கு உரியது. முதல் சிப்பின் நாலாம் துளையில் இரண்டாம் சிப்பைக் கோத்திருந்தார்கள். நாலும் நாலும் எட்டு, கோக்கச் செலவானது ஒன்று, மீதி ஏழு. மூன்று சிப் போட்டால் பன்னிரண்டில் இரண்டு போய்ப் பத்து. நாலு துளைச் சிப்தான் மலிவாகக் கிடைப்பது. ஆகப் பெரும்பாலான ஏழு துளைப் பெட்டிகள், ஒரே சட்டைக்குள் இரண்டு பேர்.

திறக்காமலும் பார்க்கலாம். விண்டோசில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஹப்பைச் செருகுவதற்கு முன்னும் பின்னும் ஹப் என்ற பெயரில் எத்தனை வரி என்று எண்ணுங்கள். 2.0 பெட்டியானால் இரண்டு வரி கூடும். 3.0 பெட்டியானால் நாலு, 3.0 சிப் ஒவ்வொன்றுக்குள்ளும் பழைய பொருள்களைக் கவனிக்கத் தனியாக ஒரு 2.0 ஆசாமி குடியிருப்பதால். இதில் பயனும் உண்டு. கம்ப்யூட்டருக்கும் பொருளுக்கும் நடுவே வரிசையாக ஐந்து ஹப்புக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஏழு துளைப் பெட்டி ஒன்று வைத்தாலே கணக்கில் இரண்டு போய்விடும். ஒன்றின் பின் ஒன்றாக மூன்று பெட்டி கோத்துவிட்டு, கடைசிப் பெட்டியில் பாதித் துளை வேலை செய்யவில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடுபவர்கள் இதைக் கருதுக. மொத்தம் 127 பொருள்கள் வரை ஒரே இணைப்பில் இருக்கலாம் என்றும் விதிநூல் அனுமதிக்கிறது. என்னிடம் அவ்வளவு பொருள் இல்லை.

திறந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிகிற ஒன்றைப் பற்றி, திறக்காமலே நான்கு பள்ளிகள் நிறுவ முடிந்தது என்பதே ஆராய்ச்சியின் மேன்மை. ஓலைச்சுவடியைக் கையால் தொடாமல், அச்சுப்பிரதியின் முன்னுரையைப் படித்தே சுவடியியல் பேசுபவர்களுக்கு இது புதிதாக இராது.

இயல் 5: மூலபாடம்

மூன்று இயலுக்கு முன் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். கல்வெட்டு படிக்கிறவர்கள் அறிவார்கள். முதலில் மெய்க்கீர்த்தி வரும். மன்னன் எத்தனை நாடு கொண்டான், யார் யாரை ஓட ஓட விரட்டினான் என்று. அதைத் தாண்டிப் போனால் கடைசியில், கோயிலுக்கு விட்ட நிலம் எத்தனை வேலி, எல்லை எது என்று இருக்கும். ஹப்பின் அட்டைப் பெட்டி மெய்க்கீர்த்தி. 'பவர்டு', 'சூப்பர் ஸ்பீடு', 'ஏழு துளை' எல்லாம் அதில் பொன்னெழுத்தில் உண்டு. நில அளவு வேறிடத்தில் இருக்கிறது. அடாப்டரின் வயிற்றில், சாம்பல் நிறத்தின்மேல் அதைவிடக் கொஞ்சம் கறுத்த சாம்பல் நிறத்தில், எறும்பு எழுதியதுபோல. என் அப்பா தபால்தலை பார்க்க வைத்திருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துவந்து படித்தேன்.

அவுட்புட்: 5 வோல்ட், 2 ஆம்பியர்.

கணக்கு சின்னப் பிள்ளைக் கணக்கு. 3.0 துளை ஒன்று 900 மில்லியாம்பியர் வரை தர வேண்டும். ஏழு துளைக்கு 6.3 ஆம்பியர், வாட்டில் சொன்னால் 31.5. கையில் இருப்பது 10 வாட். அதாவது ஏழு பேருக்கு இலை போட்டு இரண்டு பேருக்குச் சோறு வடித்திருக்கிறார்கள். கடைக்குத் திரும்பிப் போய்க் கேட்டேன். 'பவர்டுதான் சார், அடாப்டர் குடுத்திருக்கோமே' என்றார் (கடைத்தம்பி, வாய்மொழி, திருந்திய பதிப்பு). பொய் சொல்லவில்லை. அடாப்டர் இருக்கிறது. விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது என்ற பலகையும் இருக்கிறது.

எல்லாருமே இலை நிறையச் சாப்பிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கீபோர்டும் மவுசும் கொறிக்கிறவர்கள். பிரிண்டர் வீட்டிலிருந்தே சாப்பிட்டுவிட்டு வருகிறவர். சாப்பாட்டுராமர்கள் ஹார்ட் டிஸ்க்கும் டிவிடி ரைட்டரும். மேசையில் அப்படி இரண்டு பேர் இருந்தால் 5 வோல்ட் 2 ஆம்பியரைத் தொடாதீர்கள். 12 வோல்ட், 3 ஆம்பியர் என்று எழுதிய அடாப்டரோடு வரும் ஏழு துளைப் பெட்டிகள் உண்டு. அது 36 வாட். உள்ளே 5 வோல்ட்டுக்கு இறக்கும்போது கொஞ்சம் சூடாகப் போனாலும் பந்தி நடந்துவிடும்.

அதே வயிற்றில் இன்னொரு வரியும் தேடுங்கள். ஐஎஸ் 13252 என்ற எண்ணும், பிஐஎஸ் முத்திரையும், ஆர் என்று தொடங்கும் பதிவெண்ணும். இந்தியாவில் விற்கும் இவ்வகை அடாப்டருக்கு இந்தப் பதிவு கட்டாயம். என்னுடையதில் இருந்தவை தட்டைக் கால் இரண்டு. நம் சுவரின் வட்டத் துளையில் அவற்றை நிறுத்த ஒரு மாற்று பின் கொடுத்திருந்தார்கள். அது ஆடியது. ஆடும்போது பொறி பறந்தது. தீபாவளிக்கு முன்பே.

ஏழரைக்கான பரிகாரங்கள் மாடியுரைகாரரிடமிருந்தே கிடைத்தன. சோதிடம் சொன்னாலும் முப்பது வருடம் கம்பத்தில் ஏறியவர். முதலாவது, நொண்டிய மவுஸ். 3.0 வேலை செய்யும்போது எழும் இரைச்சல், வயர்லெஸ் மவுஸ் பேசுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவும். இன்டெல்லே 2012இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மவுசின் குட்டி ரிசீவரை ஹப்பிலிருந்து பிடுங்கி, ஒரு நீட்டிப்பு வயரில் மேசையின் மறுகோடிக்குக் கொண்டுபோனேன். நொண்டல் நின்றது. இரண்டாவது, அணைத்த பிறகும் எரிந்த விளக்கு. அது பேய் அல்ல. ஹப்பின் மின்சாரம், ஹப்பைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் வயர் வழியே பின்னோக்கிக் கம்ப்யூட்டருக்குள் போவது. விதிநூல் இதைத் தடுக்கிறது. மலிவு ஹப்புகள் விதிநூலைப் படிப்பதில்லை. இதற்குப் பரிகாரம் கிடையாது, ஹப்பை மாற்றுவதுதான்.

மூன்றாவது முக்கியம். ஹப்பின் அடாப்டரை நான் சாதாரணச் சுவர் பிளக்கில் போட்டிருந்தேன். கம்ப்யூட்டர் மட்டும் யுபிஎஸ்ஸில். கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் பிழைத்தது, ஹப் செத்தது, எழுதிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க் நடுவழியில் இறங்கிக்கொண்டது. 'கம்ப்யூட்டர் எதுலயோ அதுலயே இதையும் போடுங்க தம்பி. செவுத்துல போடாதீங்க' என்றார் (மாடியுரை, மொட்டைமாடிக் காண்டம், தண்ணீர்த்தொட்டிப் படலம், அப்போது மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் பாடம் சிதைவு, 'போடாதீங்க' என்பது நல்ல பாடம், இரைச்சலில் ஈறு தேய்ந்து 'போடா' என்றும் காதில் விழுந்தது, ஆய்வாளர் முன்னதையே கொள்கிறார், வாடகைதாரர் என்ற முறையில் அவரும் அதையே விரும்புவார்).

இயல் 6: டைப்-சி

அடுத்த ஆராய்ச்சியாளருக்கு விட்டுவைக்கப்படுகிறது.

இயல் 7: ஆய்வு முடிவு

பழைய ஹப் இப்போது கீபோர்டுக்கும் மவுசுக்கும் மட்டும் சோறு போடுகிறது, மகளின் மேசையில். புதியது 12 வோல்ட் 3 ஆம்பியர், யுபிஎஸ்ஸில் இருக்கிறது, ஹார்ட் டிஸ்க் இரண்டும் 'டிக்' என்று சொல்லி நாலு மாதம் ஆகிறது. மேசைக்கு அடியில் நான் தவழ்வது குறைந்திருக்கிறது. நின்றுவிடவில்லை, ஹப்பின் அடாப்டரைச் செருகும் யுபிஎஸ் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் அடாப்டரின் வயிற்றைப் படிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டுமானால் மாலை ஆறு மணிக்கு மேல் வந்து வாங்கிக்கொள்ளலாம். அப்பாவுடையது, திருப்பித் தந்துவிட வேண்டும்.